வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்

இங்கிலாந்தில் க்ளாஸ்டன்பரி என்று ஒரு சின்ன ஊர். அதற்கு அவலான் தீவு என்று இன்னொரு பெயர். தீவு என்றதும் படகு, துடுப்பு, வாந்தி மாத்திரை என்று கிளம்பி விடாதீர்கள். பஸ்ஸிலேயே போகலாம். ஒரு காலத்தில் சுற்றிலும் சதுப்பு நிலம். தண்ணீர் தேங்கி நடுவில் ஒரு குன்று மட்டும் தீவு மாதிரி நின்றது. தண்ணீரை வடிய விட்டு, புல் வளர்த்து, மாடு மேய விட்ட பிறகும் 'தீவு' மட்டும் போகவில்லை. நம் ஊரில் ஏரியைத் தூர்த்து பிளாட் போட்டு விற்ற பிறகும் 'ஏரிக்கரை ஸ்டாப்' என்று கண்டக்டர் விசில் அடிக்கிறாரே, அந்த மாதிரி.

அந்தத் தண்ணீர் இல்லாத தீவில் 1996-ல் இருந்து தேவி மாநாடு நடத்துகிறார்கள். 2002-ல் தேவிக்கென்று ஒரு கோயிலே திறந்து விட்டார்கள். கிறிஸ்தவ மதம் வருவதற்கு முன்னால் கெல்ட் இனத்தார் கும்பிட்ட பெண் தெய்வங்களைத் தேடிப்பிடித்து மறுபடி கும்பிடுவது அங்கே இப்போது ஒரு பெரிய சமாசாரம். அதிலும் பிரிஜிட் என்ற தேவிக்கு மவுசு ஜாஸ்தி. நெருப்புக்கும், கொல்லன் பட்டறைக்கும், வைத்தியத்துக்கும், கவிதைக்கும் அவள்தான் அதிபதி. நம் கணக்கில் சொன்னால் மூன்று நாலு இலாகாவை ஒரே மந்திரி பார்க்கிறார்.

அவளுக்காக 'ரிட்ரீட்' போகிறார்கள். பட்டாளத்துக்காரரைக் கேட்டால் ரிட்ரீட் என்றால் பின்வாங்குவது என்பார். இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். ஆபீஸ், வீடு, டெலிபோன் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு மூன்று நாள் பின்வாங்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, கோரைப்புல்லில் சிலுவை பின்னி, பேசாமல் உட்கார்ந்து, குன்று மேல் ஏறி இறங்கி, இரும்புச் சத்தினால் சிவந்த ஊற்றுத் தண்ணீரைக் குடித்து விட்டுத் திரும்புகிறார்கள். குன்றின் உயரம் 158 மீட்டர். இதற்குக் கட்டணமும் உண்டு.

அதே 1996-ல்தான் நம்மூரில் மதுரையைப் பிரித்துத் தேனி மாவட்டம் போட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் க்ளாஸ்டன்பரிக்காரர்கள் காசு கொடுத்துத் தேடுகிற அத்தனையும் - மலை, மரம், நெருப்பு, பெண் தெய்வம், சுற்றிலும் மனுஷ வாடை இல்லாத தீவு - தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஒரே ஒரு சிக்கல்: வருஷத்தில் 364 நாள் பூட்டு.

* * *

கம்பம் பள்ளத்தாக்கில் அம்மனுக்குப் பஞ்சம் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் எட்டு நாள் திருவிழா. முல்லையாற்றில் முழுக்குப் போட்டு, ஈரத்துணியோடு அக்னிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வருகிற கூட்டத்தில் ஒருதரம் மாட்டினால் வெளியே வருவது அம்மன் செயல். தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சி இதற்கு நேர் எதிர். விக்கிரகம் இல்லை, கதவும் திறப்பதில்லை. பூட்டிய கதவுக்குத்தான் தீபாராதனை. பக்தர் ரிட்ரீட் போவார் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே அம்மனே ரிட்ரீட்டில் இருக்கிறாள்.

நான் சொல்ல வந்தது இந்த இரண்டு பேரையும் பற்றி அல்ல. கூடலூர், லோயர் கேம்ப் தாண்டினால் மேற்கே மலை. அதில் வண்ணாத்திப்பாறை என்கிற உச்சி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,337 மீட்டர். அங்கே மங்கலதேவி கண்ணகி கோயில். கண்ணகி கோட்டம் என்றும் சொல்வார்கள். சுற்றிலும் தண்ணீருக்குப் பதிலாகக் காடு - பெரியார் புலிகள் காப்பகம். யானை, காட்டெருமை, மிளா, புலி எல்லாம் நிரந்தரக் குடித்தனம். மனுஷனுக்கு மட்டும் சித்ரா பௌர்ணமி அன்றைக்கு ஒரு நாள் விசிட்டர் பாஸ்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு வழி திறக்கும். மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் யாரையும் மேலே விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் மலை காலி. போவதற்கு இரண்டு வழி. குமுளியிலிருந்து காட்டு ரோட்டில் ஜீப். பதிமூன்று பதினான்கு கிலோமீட்டர். இல்லையென்றால் நம் பக்கம் பளியன்குடியிலிருந்து நடை. ஆறேழு கிலோமீட்டர், ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரும் செங்குத்து. ஜீப்பில் போனால் இடுப்பு போகும், நடந்து போனால் முழங்கால் போகும். எது வேண்டும் என்பது அவரவர் இஷ்டம்.

ஒரு சித்ரா பௌர்ணமிக்கு நான் முழங்காலைத் தேர்ந்தெடுத்தேன். வழி நெடுகச் சோதனை. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, பாலித்தீன் பை கூடாது, சாராயம் கூடாது, அசைவம் கூடாது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி. வயது எழுபதுக்குக் குறையாது. கையில் மஞ்சள் பை. வாசலில் நின்ற காவலர் மலையாளமும் தமிழும் கலந்து, "அம்மே, பையில் என்னா?" என்றார்.

"புளிச்சோறு, ரெண்டு தேங்கா, எட்டு வளையலு."

"பிளாஸ்டிக் உண்டோ?"

"வளையலா? கண்ணாடி வளையலுய்யா. அவளுக்குப் போயி பிளாஸ்டிக்கு வாங்கியாருவனா?"

காவலர் சிரித்து விட்டார். பாட்டி விடவில்லை. "எங்க ஆத்தா காலத்துல சும்மா ஏறுவோம். இப்ப அவளப் பாக்க ஒங்கிட்டயும் சீட்டுக் கேக்கணும், அங்கிட்டு இருக்குறவர்ட்டயும் சீட்டுக் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பாதி வழியில் நான் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கும்போது, "தம்பி, வாயத் தொறந்து மூச்சு விடாத, மூக்கால விடு" என்று இலவச ஆலோசனை சொல்லி விட்டு என்னைத் தாண்டிப் போனார். ரிட்ரீட் குருமார்கள் இதைச் சொல்லித்தரத் தனியாக ஒரு வகுப்பே எடுப்பார்கள்.

மேலே போனால் காற்று தள்ளுகிறது. ஒரு பக்கம் கேரளத்துப் பச்சைக் காடு, மடிப்பு மடிப்பாக. இன்னொரு பக்கம் கீழே கம்பம் பள்ளத்தாக்கு: நெல் வயல், தென்னை, திராட்சைப் பந்தல். (கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்து விட்டார்கள்.) நடுவில் கோயில். அந்த வார்த்தையைக் கேட்டு கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் திகைத்து விடுவார்கள். கருங்கல் சுவர், பாதி நிற்கிறது, பாதி சரிந்திருக்கிறது. தமிழ்க் கல்வெட்டு இருக்கிற கற்கள். மேலிருந்து விழுந்த கற்கள் விழுந்த இடத்திலேயே. தமிழ் முறையில் ஒரு பூஜை, கேரள முறையில் ஒரு பூஜை, இரண்டும் அன்றைக்கு நடக்கின்றன. மஞ்சள், குங்குமம், வளையல். பாட்டி தன் எட்டு வளையலையும் கொடுத்து விட்டு, ரொம்ப நேரம் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே நின்றார். மெழுகுவர்த்தியும் இல்லை, கட்டணமும் இல்லை, ரிட்ரீட் என்ற பெயரும் இல்லை.

* * *

சரி, கண்ணகி இந்த மலைக்கு எப்படி வந்தாள்? பள்ளிக்கூடத்தில் மதுரை எரிந்ததோடு மணி அடித்து விட்டார்கள். மிச்சம் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வீட்டுப் பெண். ஊர் பெயர் தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்த இடத்தில், புருஷனைத் திருடன் என்று சொல்லி விசாரிக்காமலே வெட்டி விட்டார்கள். அவள் என்ன செய்தாள்? வக்கீல் வைக்கவில்லை. கோர்ட் ஃபீஸ் கட்டவில்லை. கையில் ஒற்றைச் சிலம்போடு நேராக ராஜாவின் சபைக்குப் போனாள். பறிமுதல் செய்த சிலம்பைக் கொண்டு வரச் சொன்னார்கள். உடைத்தாள். உள்ளே இருந்தது முத்து இல்லை, மாணிக்கம். கேஸ் முடிந்தது. வாய்தா கிடையாது, அப்பீல் கிடையாது. தப்பான தீர்ப்பு சொன்ன நீதிபதி தீர்ப்பு தெரிந்த நிமிஷமே உயிரை விட்டார். உலகத்திலேயே இவ்வளவு சீக்கிரம் முடிந்த கிரிமினல் வழக்கு வேறு இருக்குமா தெரியவில்லை.

அப்புறம் ஊரை எரித்தாள். அதிலும் குழந்தைகள், கிழவர்கள், பசு என்று ஒரு விதிவிலக்குப் பட்டியல் கொடுத்துத்தான் எரித்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கோபத்திலும் கணக்குத் தப்பாத பெண். பிறகு வைகைக் கரையோடு மேற்கே நடந்தாள். பதினாலு நாள். மலை ஏறி ஒரு வேங்கை மரத்தடியில் நின்றாள். வானத்திலிருந்து கோவலனே வந்து அழைத்துப் போனான். அதைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் புலவர்களும் பண்டிதர்களும் அல்ல, மலைக் குறவர்கள். 'இவள் நம் குலதெய்வம்' என்று முதலில் முடிவு செய்தவர்களும் அவர்கள்தான். சேரன் செங்குட்டுவனுக்கு விஷயம் பிற்பாடுதான் தெரியும். அவன் இமயம் வரை போய்க் கல் எடுத்து, கனகன், விசயன் என்ற இரண்டு ராஜாக்கள் தலையில் ஏற்றிக் கொண்டு வந்து கோயில் எடுத்தான். இலங்கையிலிருந்து கயவாகு ராஜாவும் வந்திருந்தான் என்கிறது காவியம்.

வைகைக் கரையோடு மேற்கே நடந்தால் எங்கே போய் நிற்பீர்கள்? அதைக் காவியம் படித்தவர்கள் பலர் யோசித்திருக்கலாம். காலால் நடந்து பார்த்தவர் தமிழ்ப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். கண்ணகி போன வழியைத் தேடித் தேடிக் கடைசியில் 1963-ல் இந்த மலை உச்சிக்கு வந்து, 'இதுதான் அது' என்று உலகத்துக்குச் சொன்னார். பளியன்குடிக்காரர்களுக்கு அது முன்னாலேயே தெரிந்த அம்மன்தான். படித்தவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மலை விஷயத்தில் எப்போதும் இதுதான் வரிசை.

* * *

இப்போது மறுபடி பிரிஜிட்டுக்கு வருவோம். அயர்லாந்தில் கில்டேர் என்று ஒரு ஊர். பெயருக்கு 'ஓக் மரத்துக் கோயில்' என்று அர்த்தம். நமக்கு வேங்கை, அவர்களுக்கு ஓக். அங்கே பிரிஜிட்டின் பெயரால் அணையாத நெருப்பு ஒன்று எரிந்தது. 12-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அதைப் பற்றி எழுதி வைத்த ஒரு பாதிரியார் சொல்கிறார்: பத்தொன்பது கன்னிகாஸ்திரீகள் ராத்திரிக்கு ஒருத்தராக முறை வைத்து நெருப்பைப் பார்த்துக்கொள்வார்கள், இருபதாவது ராத்திரி பிரிஜிட்டே வந்து பார்த்துக்கொள்வாள். சுற்றி ஒரு வேலி. ஆண்கள் தாண்டக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. பிரிஜிட் முதலில் தேவி. கிறிஸ்தவம் வந்ததும் அதே பெயரில், அதே நெருப்போடு, அதே பிப்ரவரி 1-ஆம் தேதி விழாவோடு புனித பிரிஜிட் ஆகி விட்டாள். அதாவது அவர்கள் தெய்வத்தை மனுஷியாக்கினார்கள். நாம் மனுஷியைத் தெய்வமாக்கினோம். கண்ணகி எல்லை தாண்டத் தாண்டப் பெயரும் மாறிக்கொண்டே போனாள். கேரளத்தில் பகவதி. திருவனந்தபுரம் ஆற்றுக்கால் அம்மன் கண்ணகிதான் என்று சொல்லி மாசி மாதம் லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். இலங்கையில் சிங்கள பௌத்தர்களுக்கு அவள் பத்தினி தெய்வம். கண்டிப் பெரஹராவில் அவள் கோயில் ஊர்வலமும் போகிறது. மட்டக்களப்புத் தமிழர்களுக்கு வைகாசிச் சடங்கு வாங்குகிற கண்ணகை அம்மன். ஒரு பெண் கேட்ட நியாயத்தை மூன்று மொழிக்காரர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

சென்னை மெரினாவில் மட்டும் கொஞ்சம் கஷ்டம். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த சிலையை 2001-ல் எடுத்தார்கள், 2006-ல் மறுபடி வைத்தார்கள். நம் ஊரில் சிலையானாலும் டிரான்ஸ்ஃபர் தப்பாது.

பிரிஜிட்டைப் பற்றி இன்னொரு கதை உண்டு. மடம் கட்ட ராஜாவிடம் நிலம் கேட்டாள். ராஜா தரமாட்டேன் என்றான். "சரி, என் போர்வை எவ்வளவு இடத்தை மூடுமோ அவ்வளவு கொடு" என்றாள். ராஜா சிரித்துக்கொண்டே தலையாட்டினான். தோழிகள் நாலு பேர் போர்வையின் நாலு முனையைப் பிடித்துக்கொண்டு நாலு திசையில் ஓடினார்கள். போர்வை ஏக்கர் கணக்கில் விரிந்துகொண்டே போயிற்று. வாமனர் கதை தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எனக்கு ஆச்சரியம், சர்வேயர் இல்லாமல், பட்டா சிட்டா அடங்கல் இல்லாமல், ஒரே நாளில் நில அளவை முடிந்ததுதான்.

ஏனென்றால் நம் கண்ணகியின் நில அளவை இன்னும் முடியவில்லை.

* * *

கோயில் எங்கள் எல்லைக்குள் என்கிறது தமிழ்நாடு. எங்கள் எல்லைக்குள் என்கிறது கேரளம். பேச்சுவார்த்தை, சர்வே, கோர்ட் எல்லாம் பல பத்து வருஷமாக நடக்கிறது. ஒரே நாளில் தீர்ப்பு வாங்கியவளுக்குத் தன் வீட்டுக் கேஸில் வாய்தா மேல் வாய்தா.

இரண்டு தரப்பும் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுகிற அந்தக் கோட்டை, கம்பம் பள்ளத்தாக்கில் யார் மதிக்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் மதிப்பதில்லை. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. (அந்த வெள்ளைக்கார இன்ஜினீயருக்கு ஜனவரி 15 பிறந்த நாளில் இங்கே பொங்கல் வைக்கிறார்கள். மனுஷனைத் தெய்வமாக்குவதில் இந்தப் பள்ளத்தாக்கை மிஞ்ச ஆளில்லை.) யானையும் மதிப்பதில்லை. சின்னக்கானலில் பிடித்து 2023 ஏப்ரலில் பெரியார் காப்பகத்தில் விட்ட அரிக்கொம்பன் மே மாதம் கம்பம் டவுனுக்குள் ஓடி வந்து, ஊரே 144 தடையில் கதவைச் சாத்திக்கொண்டது. எந்த மாநில யானை என்று அதனிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களும் மதிப்பதில்லை. மதிக்க முடியாது. விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குக் கம்பம், கூடலூர் தெருக்களில் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். எண்ணினால் உங்களுக்குத் தூக்கம் வராது. மலை ஏறி, இடுக்கிப் பக்கம் தோட்டங்களில் ஏலக்காய் பறித்து விட்டுச் சாயங்காலம் இறங்குகிறார்கள். 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றி எல்லை அடைபட்டபோது முதலில் கூலி போனது இவர்களுக்குத்தான். சித்ரா பௌர்ணமிக்கு இவர்களே லீவு போட்டு விட்டுக் கண்ணகியைப் பார்க்க ஏறுகிறார்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது அப்படி ஒரு அக்காவிடம் கேட்டேன். "அக்கா, தினம் எல்லை தாண்டுறீங்களே, பயமா இல்லையா?"

"தாண்டாட்டி எங்க வீட்டுல அடுப்பு எரியுமா தம்பி?"

"கோயில் எந்தப் பக்கம்னு சொல்றீங்க?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது மேல இருக்கு" என்றார்.

இதற்கு மேல் தெளிவான பதிலை எந்த சர்வே ரிப்போர்ட்டிலும் நான் பார்த்ததில்லை.

* * *

'அப்படியானால் தினமும் திறந்து விடச் சொல்கிறீர்களா?' என்று கேட்பீர்கள். நிச்சயமாக இல்லை. அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், பக்தியில்தான் கேட்கிறார்கள். ஆனால் தினமும் திறந்தால் என்ன வரும் என்பது நமக்குத் தெரியாததா? முதல் வருஷம் தேங்காய்க் கடை. இரண்டாவது வருஷம் டீக்கடை, செருப்பு வைக்குமிடம், கட்டணக் கழிப்பிடம். மூன்றாவது வருஷம் 'ஹோட்டல் கண்ணகி இன், ஏ.ஸி. ரூம் உண்டு'. நாலாவது வருஷம் யானை வரும் வழியில் பார்க்கிங். அப்புறம் யானை கம்பத்துக்குள் வந்தால் யானையைத் திட்டுவோம். இந்தப் பக்கத்துக் காட்டையும் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவித்தாயிற்று. அந்தக் காடுகள் நின்றால்தான் வைகைக்கும் பெரியாறுக்கும் தண்ணீர்.

கில்டேர் நெருப்புக்கு ஒரு வேலி இருந்தது, தாண்டக் கூடாது. தேவதானப்பட்டிக் காமாட்சிக்கு ஒரு கதவு, திறக்கக் கூடாது. மங்கலதேவிக்குக் காடு. வேலி இருப்பதால்தான் அந்த இடத்துக்கு மரியாதை. வருஷம் பூரா போகலாம் என்றால் அந்தப் பாட்டி எழுபது வயதில் எட்டு வளையலோடு ஏறுவாரா? 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்றிருப்பார், நம்மைப் போல. கொரோனாவில் 2020-லும் 2021-லும் அந்த ஒரு நாளும் இல்லாமல் போனது. அடுத்த முறை திறந்தபோது அந்த ஒரு நாளின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு நாள் போதும். ஆனால் அந்த ஒரு நாளைக்குப் போகும்போது பார்க்க அங்கே கோயில் இருக்க வேண்டும் அல்லவா? கல் சரிவதற்குச் சித்ரா பௌர்ணமி தெரியாது. ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் 364 நாளும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. செங்கல்லாக இருந்தால் திரும்பக் கட்டலாம். எழுத்து வெட்டிய கல் விழுந்து உடைந்தால் எந்த ராஜா தலையில் எங்கிருந்து கொண்டு வருவது?

எல்லை தீர்ந்த பிறகு ரிப்பேர் என்று காத்திருப்பது, பங்காளித் தகராறு முடியட்டும், அப்புறம் கூரைக்கு ஓடு மாற்றலாம் என்பது மாதிரி. தகராறு முடியும்போது வீடு இருக்காது. ஓடு மாற்றுவதற்குப் பாகப் பிரிவினை தேவையில்லை. மழை இரண்டு பங்காளி மேலும்தான் சொட்டுகிறது.

இது முடியாத காரியமா? வருஷா வருஷம் முடிகிறதே! சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் இரண்டு பக்கத்து போலீஸ், வனத்துறை ஆட்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். எத்தனை ஜீப், எங்கே தண்ணீர், எங்கே டாக்டர், எந்தப் பூஜை எப்போது என்று எழுதி வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஜனங்களைப் புலிக்காட்டுக்குள் ஏற்றிப் பத்திரமாக இறக்குகிறார்கள். 'எல்லை யாருடையது' என்ற கேள்வியை அன்றைக்கு ஒரு நாள் தூக்கி ஓரமாக வைத்து விட்டுத்தான் இதைச் செய்கிறார்கள். அதே மேஜையில், அதே நாற்காலியில் இன்னும் அரை மணி கூட உட்கார்ந்து, விழுந்த கல்லை யார் எப்போது எடுத்து நிறுத்துவது என்று பேசினால் போதும். தொல்லியல் தெரிந்த நாலு பேர், காட்டுக்குத் தொந்தரவு இல்லாமல், சத்தம் போடாமல் செய்கிற வேலை. திறப்பு விழா, கல்வெட்டில் மந்திரி பெயர் இவையெல்லாம் வேண்டாம். அங்கே இருக்கிற கல்வெட்டே போதும்.

அயர்லாந்தைப் பாருங்கள். கில்டேர் நெருப்பை 16-ஆம் நூற்றாண்டில் மதச் சண்டையில் அணைத்து விட்டார்கள். சுமார் நானூறு வருஷம் சாம்பல். 1993-ல் அதே ஊரில் பிரிஜிட் பெயரால் இயங்குகிற கன்னிகாஸ்திரீகள் மறுபடி ஏற்றினார்கள். அவள் தேவியா, புனிதவதியா, யாருக்குச் சொந்தம் என்று அங்கேயும் இரண்டு கட்சி. இரண்டும் அதே நெருப்பைத்தான் கும்பிடுகின்றன. 2023-ல் இருந்து பிரிஜிட் பெயரில் நாடு முழுக்க அரசாங்க விடுமுறை. கட்சி இன்னும் தீரவில்லை, நெருப்பு எரிகிறது.

நாமும் அந்த வழிக்கு வரலாம். இரண்டு மாநிலமும் வேண்டுமானால் இன்னும் நூறு வருஷம் வழக்காடட்டும், கோயில் நிற்கட்டும்.

சீக்கிரம் செய்தால் நல்லது. மதுரையில் அவள் உடைத்தது கோவலனிடமிருந்து பறித்த சிலம்பை. கையில் கொண்டு போன இன்னொன்று அவளிடம்தான் இருக்கிறது. தாமதமானால் அம்மன் எந்தக் கலெக்டர் ஆபீஸுக்கு முதலில் வருவாள் என்று சொல்ல முடியாது.